டர்பன் வீடுகளில் தண்ணீர்க் கோளாறு: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க் பக்கத்து வீடுகளுக்கு வரும் தண்ணீர் பெரும்பாலும் உம்கேனி ஆற்று அணைகளில் தேங்கி, டர்பன் ஹைட்ஸ், விக்கின்ஸ் போன்ற நிலையங்களில் சுத்திகரிக்கப்பட்டு வருவது. வடக்கே வெருலம் பக்கம் ஹேசல்மியர் அணைத் தண்ணீர். நிலையத்தை விட்டுக் கிளம்பும் தண்ணீரில் குறை அரிது. கோளாறு பிறக்கும் இடங்கள் முக்கியமாக இரண்டு. ஒன்று, தண்ணீர் நின்றுபோய் மறுபடி வரும் அந்தச் சில மணி நேரத்தில் தெருக்குழாய். மற்றது, மீட்டருக்கு இந்தப் பக்கம் இருக்கும் நம் வீட்டுக் குழாயும் கீசரும் மழைநீர்த் தொட்டியும். மீட்டர் வரை நகராட்சியின் பொறுப்பு, அதைத் தாண்டினால் வீட்டுக்காரர் பொறுப்பு. ஆகவே கோளாறு மீட்டருக்கு எந்தப் பக்கம் என்று தெரியாமல் ஃபில்டர் வாங்குவது, எந்தப் பல் வலிக்கிறது என்று தெரியாமல் பல்லைப் பிடுங்குவது போல.

முதலில் நான்கு கேள்விகளுக்குப் பதில் தேடுங்கள். எல்லாக் குழாயிலுமா, ஒன்றில் மட்டுமா? வெந்நீரிலா, பச்சைத் தண்ணீரிலா? காலையில் முதலில் திறக்கும்போது மட்டுமா, எந்நேரமுமா? பக்கத்து வீட்டிலும் அப்படித்தானா? ஒரு கண்ணாடி டம்ளரும் ஒரு வெள்ளை வாளியும் போதும். மீட்டருக்கு மிக அருகில் இருக்கும் தோட்டக் குழாய்தான் சாட்சி. அதில் கோளாறு தெரிந்து, பக்கத்து வீட்டிலும் தெரிந்தால் தெருவில் பிரச்சினை. அதில் சுத்தமாக வந்து சமையலறையில் மட்டும் கெட்டிருந்தால் வீட்டுக்குள் தேடுங்கள்.

தண்ணீர் டீ நிறத்தில் வருகிறது

அதிகம் கேட்கப்படும் புகார் இது. பல வருடமாகக் குழாயின் அடியில் இரும்பும் மாங்கனீசும் வண்டலாகப் படிந்திருக்கும். தண்ணீர் நின்று, திடீரென்று வேகமாகத் திரும்பி வரும்போது அந்த வண்டல் கிளறப்படுகிறது. தென்னாப்பிரிக்கக் குடிநீர்த் தரமான சான்ஸ் 241, நிறமும் ருசியும் கெடாமல் இருக்க இரும்புக்கு லிட்டருக்கு 0.3 மில்லிகிராம், மாங்கனீசுக்கு 0.1 மில்லிகிராம் என்று எல்லை வைத்திருக்கிறது. உடல்நலத்துக்கான எல்லை இன்னும் மேலே: இரும்புக்கு 2, மாங்கனீசுக்கு 0.4. அதாவது கண்ணுக்கு அருவருப்பாகத் தெரியும் அளவுக்கும் உடலைக் கெடுக்கும் அளவுக்கும் இடையே தூரம் உண்டு. ஆனால் நிறத்தைவிட முக்கியமான விஷயம் வேறு. கலங்கலான தண்ணீரில் கிருமி வண்டலுக்குள் ஒளிந்துகொள்ளும், குளோரின் அதை எட்டாது. அதனால் தண்ணீர் நின்று வந்த அன்று கலங்கலாக இருந்தால் வெறும் ஜிக் (வீட்டில் பயன்படுத்தும் குளோரின் ப்ளீச்) ஊற்றி நம்பாதீர்கள். பழைய பருத்தி வேட்டியை நான்காக மடித்து வடிகட்டி, பிறகு கொதிக்க வையுங்கள். நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும்.

செய்ய வேண்டிய வரிசை இது. வெந்நீர்க் குழாய் எதையும் திறக்காதீர்கள். திறந்தால் கலங்கல் கீசருக்குள் போய் அடியில் தங்கிவிடும், பிறகு மாதக்கணக்கில் வெந்நீர் கலங்கலாக வரும். சலவை இயந்திரத்தையும் நிறுத்துங்கள். தோட்டக் குழாயிலிருந்து ஹோசைக் கழற்றிவிட்டுத் திறந்து, வாளிகளில் பிடியுங்கள். அது கழிப்பறைக்கும் செடிக்கும் ஆகும். பத்து நிமிடம் ஓடினால் 100 முதல் 150 லிட்டர் போகும். தெளிந்த பிறகு சமையலறைக்கு வாருங்கள். குழாய் முனையில் இருக்கும் சிறு சல்லடையைத் திருகிக் கழற்றிவிட்டுத் திறங்கள், இல்லாவிட்டால் வண்டல் அதில் சிக்கி, அடுத்த வாரம் "பிரஷர் இல்லை" என்று பிளம்பரைக் கூப்பிடுவீர்கள். தோட்டக் குழாயிலேயே இரண்டு மூன்று மணி நேரம் ஆகியும் தெளியவில்லை என்றால், விடாமல் திறந்து விட்டுக் காசை ஓட விடாதீர்கள். தெருக்குழாயைக் கழுவி விட வேண்டியது நகராட்சி. புகார் எண்ணை எழுதி வையுங்கள்.

அந்தத் தண்ணீரில் வெள்ளைத் துணி நனைந்து கறையானால் ஜிக் போடாதீர்கள். அது இரும்பைத் துருவாக மாற்றிக் கறையை நிலைக்கச் செய்துவிடும். புரட்டாசி சனிக்கிழமைக்கு எடுத்து வைத்த வேட்டி இப்படித்தான் பாழாகும். ஒரு லிட்டர் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலம் போட்டு ஊற வைத்தால் கறை இளகும். எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் காயவைப்பதும் அதே வேலையைச் செய்யும்.

தெருவில் தண்ணீர் நிற்கவே இல்லை, ஆனால் காலையில் முதல் ஒரு நிமிடம் மட்டும் பழுப்பாக வருகிறதா? அது உங்கள் வீட்டு இரும்புக் குழாய். சாட்ஸ்வொர்த் வீடுகள் 1960களில் எழுந்தவை. மாற்றப்படாத கால்வனைஸ் குழாய்கள் இன்னும் சுவருக்குள் இருக்கின்றன. காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு. செம்பிலும் பிளாஸ்டிக்கிலும் ஒட்டாது. இந்தக் குழாயின் ஆயுள் 40, 50 வருடம். துண்டு துண்டாக ஒட்டுப்போடுவதில் ஒரு பொறி இருக்கிறது: தண்ணீர் வரும் பக்கம் செம்புக் குழாய், அதற்கு அடுத்து பழைய இரும்புக் குழாய் என்று இணைத்தால் இரும்பு இன்னும் வேகமாக அரிக்கும். மாற்றினால் முழுவதையும் மாற்றுங்கள். இன்னொன்று, பழைய வீடுகளில் மின்சாரத்தின் எர்த் இணைப்பு உலோகக் குழாயில் கட்டப்பட்டிருக்கலாம். குழாயைப் பிளாஸ்டிக்காக மாற்றியதும் எலக்ட்ரீஷியன் வந்து எர்த்தைச் சோதிக்காவிட்டால், அடுத்த கோளாறு தண்ணீரில் வராது, ஷாக்கில் வரும்.

வெந்நீர் மட்டும் பழுப்பு என்றால் கீசரின் உட்புறம் துருப்பிடிக்கிறது. உள்ளே மெக்னீசியத் தண்டு ஒன்று இருக்கும், ஆனோடு என்பார்கள். கீசருக்குப் பதிலாகத் தான் கரைவதுதான் அதன் வேலை. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை அதைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பலர் கீசர் வெடித்து மேற்கூரை நனையும் வரை பார்ப்பதில்லை.

பால் போல வெள்ளையாக வருகிறது

டம்ளரில் பிடித்து மேசையில் வையுங்கள். அடியிலிருந்து மேலாகத் தெளிந்தால் காற்றுக் குமிழி, பயமில்லை. மேலிருந்து கீழாகத் தெளிந்து அடியில் தூள் தங்கினால் வண்டல், மேலே சொன்னபடி செய்யுங்கள்.

கறுப்புத் துகள்

விரலில் வைத்துத் தேயுங்கள். மை போல இழுபட்டால் ரப்பர். பேசினுக்கு அடியில் இருக்கும் வளையும் ஹோசின் உட்புறமோ வாஷரோ உதிர்கிறது. ஹோசை மாற்றுங்கள், விலை குறைவு. வெடித்தால் நஷ்டம் அதிகம். கரகரவென்று நொறுங்கினால் ஃபில்டரின் கரி. குழாய் முனைக்குள் வழவழவென்று கறுப்பாக ஒட்டியிருந்தால் பூஞ்சை. டர்பனின் ஈரக் காற்றில் இது சகஜம். பழைய பல்துலக்கியை ஜிக் கலந்த தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போகும்.

பேசினில் பச்சை, நீலக் கறை. வாயில் செம்பு ருசி

செம்புக் குழாய் கரைகிறது. இரவு முழுதும் குழாயில் நின்ற தண்ணீரில்தான் அதிகம் கரைந்திருக்கும். சான்ஸ் 241 செம்புக்கு வைத்த எல்லை லிட்டருக்கு 2 மில்லிகிராம். அதைத் தாண்டினால் குமட்டலும் வயிற்றுவலியும் வரும். காலையில் குழாயைத் திறந்து, தண்ணீர் தொட்டுப் பார்க்கக் குளிர்ச்சியாகும் வரை ஓடவிட்ட பிறகே குடிக்கவும் சமைக்கவும் பிடியுங்கள். குழந்தைப் பாலுக்கு வெந்நீர்க் குழாயை எந்நாளும் பயன்படுத்தாதீர்கள். சூடான தண்ணீர் உலோகத்தை அதிகம் கரைக்கும். கறை ஒரே இடத்தில், சொட்டும் குழாய்க்கு அடியில் மட்டும் என்றால் வாஷரை மாற்றுங்கள். வீடு முழுவதும் என்றால் தண்ணீரின் பி.எச். அளவையும் (புளிப்புத் தன்மையையும்) எர்த் இணைப்பையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

பாத்திரங்களைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். செம்புச் சொம்பில் வெறும் தண்ணீரை ஓரிரவு வைப்பது வேறு, எலுமிச்சை பிழிந்து வைப்பது வேறு. புளிப்பு எதுவும் பூச்சில்லாத செம்பிலோ பித்தளையிலோ நிற்கக் கூடாது. புளியால் விளக்குத் தேய்த்தால் பளபளக்கிறதே, அதே வேலையைப் புளிக்கரைசல் அண்டாவின் உட்புறத்திலும் செய்கிறது; கரைந்தது குழம்பில் போகிறது.

"ஈயம் பூசியதுதானே" என்ற பதிலில் ஒரு சிக்கல் உண்டு. தமிழில் ஈயம் என்ற ஒரே சொல் இரண்டு உலோகத்துக்கும் நிற்கிறது. வெள்ளீயம் பாத்திரத்துக்கு ஆகும். காரீயம் விஷம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் செய்தது. விலை குறைக்கக் காரீயம் கலந்து விற்பவர்களும் உண்டு. பார்த்தால் தெரியாது. இந்தியாவிலிருந்து யாரோ கொண்டுவந்த, எங்கே வாங்கியது என்று தெரியாத சொம்பை அலமாரியில் அழகுக்கு வையுங்கள். பழைய உலோகத்தை உருக்கி வார்த்த கனமான அலுமினியப் பானைகளும் இதே கணக்கில் சேரும். தென்னாப்பிரிக்க மருத்துவ ஆய்வுக் கழகத்தின் ஆய்வாளர்கள் இங்கே விற்கும் அத்தகைய பானைகளிலிருந்து காரீயம் கசிவதைக் கண்டிருக்கிறார்கள்.

அழுகிய முட்டை நாற்றம்

டம்ளரில் தண்ணீர் பிடித்துக்கொண்டு அறைக்கு வெளியே போய் முகருங்கள். வெளியே நாற்றம் இல்லை என்றால் கெட்டிருப்பது தண்ணீர் அல்ல, பேசினின் சாக்கடை வாய். வெந்நீரில் மட்டும் நாற்றம் என்றால் கீசர். சல்பேட்டைத் தின்னும் பாக்டீரியா மெக்னீசியத் தண்டோடு சேர்ந்து இந்த வாயுவை உண்டாக்கும். ஒரு மாதம் இந்தியா யாத்திரை போய்த் திரும்பிய வீடுகளில் அதிகம் வரும். தெர்மோஸ்டாட்டை 70 பாகைக்கு ஏற்றி, சில மணி நேரம் கழித்து எல்லா வெந்நீர்க் குழாயையும் ஓடவிடுங்கள். குழந்தைகளையும் முதியவர்களையும் அப்போது குளியலறைப் பக்கம் விடாதீர்கள். பிறகு 60க்குத் திருப்புங்கள். நாற்றம் திரும்பி வந்தால் ஆனோடை அலுமினியம், துத்தநாகம் கலந்த வகைக்கு மாற்றச் சொல்லுங்கள். மின்கட்டணத்துக்குப் பயந்து 45 பாகையில் வைக்கும் பழக்கம் வேண்டாம். லெஜியோனெல்லா என்ற நுரையீரல் கிருமி வெதுவெதுப்பான தண்ணீரில்தான் செழிக்கும்.

மண் வாசனை, மருந்து வாசனை

வெயில் காலத்தில் அணைகளில் நீலப்பச்சைப் பாசி பெருகும்போது ஜியோஸ்மின் என்ற பொருள் உண்டாகிறது. மழை பெய்ததும் வரும் மண் வாசனையும் அதுதான். லிட்டருக்கு ஒரு கிராமின் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். உடலுக்குக் கெடுதல் இல்லை. கரி ஃபில்டர் பிடிக்கும். கொதிக்க வைத்தால் அந்த நேரத்துக்கு வாசனை தூக்கலாகவே இருக்கும், குளிர வைத்துக் குடித்தால் அவ்வளவாகத் தெரியாது.

மருந்துக்கடை வாசனை வேறு. குளோரினும் ரப்பர் அல்லது பிளாஸ்டிக்கும் சேர்ந்தால் வருவது. கெட்டிலில் கொதித்த தண்ணீரையும் எவர்சில்வர் பாத்திரத்தில் கொதித்ததையும் ஒப்பிட்டு ருசியுங்கள். கெட்டில்தான் குற்றவாளி என்று பல நேரம் தெரியவரும். வெறும் குளோரின் வாசனை என்றால் திறந்த கூஜாவில் அரை மணி நேரம் வையுங்கள். உண்மையில் அந்த வாசனை நல்ல செய்தி, கிருமியைக் கொல்லும் குளோரின் இன்னும் மிச்சம் இருக்கிறது. தரம் லிட்டருக்கு 5 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது.

பெட்ரோல், பெயிண்ட், பூச்சிமருந்து வாசனைக்கு மட்டும் தனி விதி: குடிக்காதீர்கள், சமைக்காதீர்கள், கொதிக்கவும் வைக்காதீர்கள். கிருமி கொதித்தால் சாகும், இரசாயனம் ஆவியாகி உங்கள் மூக்குக்கு வரும். 2021 ஜூலையில் கார்னூபியாவில் வேளாண் இரசாயனக் கிடங்கு எரிந்து ஓடைகளும் உம்லாங்கா முகத்துவாரமும் நஞ்சானபோது கடற்கரைகளையே மூட வேண்டியிருந்தது. அத்தகைய நாளில் ஓடைத் தண்ணீரும் புகை படிந்த கூரையின் மழைநீரும் எதற்கும் ஆகாது.

தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கிறது, ஆனால் வீட்டில் இரண்டு பேருக்கு வயிற்றுப்போக்கு

பழுப்புத் தண்ணீருக்கு ஊரே கூடிப் பேசும். பயப்பட வேண்டியது இந்தத் தெளிந்த தண்ணீருக்குத்தான். 2000 ஆகஸ்டில் குவாசூலு நட்டாலில் தொடங்கிய காலரா ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்தது. ஆற்றுத் தண்ணீரைக் கண்ணால் பார்த்து யாராலும் அதைச் சொல்லியிருக்க முடியாது. தரம் சொல்வது எளிது: மலத்திலிருந்து வரும் கிருமியான ஈ.கோலை 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

முதலில் நோயாளி. ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலைதட்டிய எட்டுத் தேக்கரண்டி சர்க்கரை, தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடக் கூடாது. சிறுகச் சிறுகக் கொடுங்கள். கண் குழிந்தாலோ, குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ கிளினிக்குக்கு ஓடுங்கள், இந்தக் கட்டுரையைப் பிறகு படிக்கலாம்.

அடுத்து, கடந்த மூன்று நாளில் என்ன தண்ணீர் குடித்தீர்கள் என்று யோசியுங்கள். தண்ணீர் நின்று வந்ததா? டேங்கர் தண்ணீரா? மழைநீர்த் தொட்டியா? 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட் சுத்திகரிப்பு நிலையம் அடித்துப் போனபோது மாதக்கணக்கில் டேங்கரை நம்பியிருந்த வீடுகள் ஒன்றைக் கற்றுக்கொண்டன. டேங்கரில் நன்றாக வந்த தண்ணீர், வீட்டு டிரம்மில் குவளையும் கையும் போய்ப் போய்க் கெடுகிறது. வாய் குறுகிய, மூடியும் குழாயும் உள்ள 25 லிட்டர் கேனில் வையுங்கள். சமையல் எண்ணெய் இருந்த கேன் கழுவினால் ஆகும், பூச்சிமருந்தோ அமிலமோ இருந்தது எத்தனை கழுவினாலும் ஆகாது.

தெளிந்த தண்ணீராக இருந்தால் 25 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலிட்டர், சாதாரண ஜிக். கலக்கி, மூடி, இரண்டு மணி நேரம் வையுங்கள். ஓரிரவு என்றால் இன்னும் நல்லது. வாசனை சேர்த்தது, கெட்டியாக இருப்பது, சோப்பு கலந்தது எதுவும் கூடாது. மேலே சொன்ன அளவு 3.5 சதவீத ஹைப்போகுளோரைட்டுக்கு. புட்டியில் அந்த எண்ணைப் படித்துப் பாருங்கள். திறந்து வெயிலில் வைத்த பழைய புட்டி வலுவிழந்திருக்கும். நீச்சல்குளக் கடையில் கிடைக்கும் குளோரினை அளக்கும் டி.பி.டி. சோதனைப் பெட்டி ஒன்று வாங்கி வைத்தால் ஊகம் தேவையில்லை: அரை மணி நேரத்துக்குப் பிறகு லிட்டருக்கு 0.5 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும். நகராட்சிக் குழாயில் 0.2க்குக் கீழே இறங்கினால் சந்தேகப்படுங்கள்.

இனி ஜோஜோ தொட்டி, அதாவது பிளாஸ்டிக் மழைநீர்த் தொட்டி. தமிழ்நாட்டில் ஆடி என்றால் ஆறு பெருகும் மாதம். இங்கே ஆடி நடுக் குளிர்காலம், மழை இல்லாத காலம். கோவிலிலும் வீட்டிலும் கூழ் ஊற்றும் அந்த நாட்களில் தொட்டியில் இருப்பது ஏப்ரல், மே மாதத்துத் தண்ணீரின் மிச்சம், அதுவும் அடிமண்டியோடு. கூழ் கொதிக்கிறது, அதனால் கூழில் ஆபத்து குறைவு. மோரில் கலக்கும் தண்ணீர் கொதிப்பதில்லை. பானகம், நீர்மோர், வெட்டிய வெங்காயம் கழுவும் தண்ணீர், நூறு பேர் கை கழுவும் வாளி: இவற்றுக்குத்தான் ஜிக் போட்ட கேனைத் தனியாக ஒதுக்க வேண்டும். கோவில் சமையல்காரரிடம் இதை ஒருமுறை சொன்னால் பிடித்துக்கொள்வார்கள்.

புரட்டாசியில் எதிர்ச் சிக்கல். முதல் வசந்த மழை, குளிர்காலம் முழுதும் கூரையில் சேர்ந்த குரங்கு எச்சம், ஹடேடாப் பறவை எச்சம், கரும்பு எரித்த கரி எல்லாவற்றையும் கழுவித் தொட்டிக்குள் தள்ளும். அதனால் முதல் மழைநீரை ஒதுக்கும் குழாய் வேண்டும். ஒரு சதுர மீட்டர் கூரைக்குக் குறைந்தது அரை லிட்டர் கணக்கு. 60 சதுர மீட்டர் கூரைக்கு 30 லிட்டர். 110 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாய் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ எட்டரை லிட்டர் கொள்ளும், ஆக மூன்றரை மீட்டர் குழாய். அடியில் திருகு மூடி, அதில் சொட்டு சொட்டாக வடிய ஒரு சிறு துளை. துளை அடைத்துக்கொண்டால் அடுத்த மழைக்குக் குழாய் ஏற்கெனவே நிரம்பியிருக்கும், அழுக்கு நேராகத் தொட்டிக்குப் போகும். மாதம் ஒருமுறை மூடியைக் கழற்றிக் கழுவ வேண்டும் என்று சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள், யாரும் செய்வதில்லை. அதனால் மூடியைக் கைக்கு எட்டும் உயரத்தில் வையுங்கள்.

தொட்டியைக் கழுவ, தண்ணீரை இறக்கிவிட்டு, 10 லிட்டர் வாளியில் கால் லிட்டர் ஜிக் கலந்து, நீளக் கம்புத் துடைப்பத்தால் உட்சுவரைத் தேயுங்கள். அரை மணி நேரம் விட்டு அலசுங்கள். உள்ளே இறங்காதீர்கள். மூடிய தொட்டிக்குள் காற்று போதாமல் மயங்கியவரை மேலே தூக்குவது எளிதல்ல. தொட்டியிலிருந்து வீட்டுக்குப் போகும் குழாய்களுக்கும் மருந்து போக வேண்டுமானால், லிட்டருக்கு 50 மில்லிகிராம் வரும்படி தொட்டியை நிரப்ப வேண்டும்: 2500 லிட்டருக்கு 3.6 லிட்டர் ஜிக், அல்லது 68 சதவீத கால்சியம் ஹைப்போகுளோரைட் தூள் 185 கிராம். தூளை வாளித் தண்ணீரில் கரைத்த பிறகே ஊற்றவும். தண்ணீரில் தூளைப் போட வேண்டும், தூளில் தண்ணீரை ஊற்றக் கூடாது. "ஸ்டெபிலைஸ்டு" என்று எழுதிய நீச்சல்குளக் குளோரினில் சயனூரிக் அமிலம் இருக்கும், அது குடிநீருக்கு ஆகாது. எந்தக் குளோரினோடும் வினிகர், நீச்சல்குள அமிலம், அமோனியா சேர்க்காதீர்கள், நச்சு வாயு வரும். ஒவ்வொரு குழாயிலும் குளோரின் வாசனை வரும் வரை திறந்து மூடி, 12 மணி நேரம் விடுங்கள். வடிக்கும்போது கழிவுநீர்ச் சாக்கடையில் விடுங்கள். மழைநீர் வாய்க்காலில் விட்டால் நேராக ஆற்றுக்குப் போய் மீனைக் கொல்லும்.

கூரை கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) ஓடா என்று பாருங்கள். 2008இல் நாட்டில் கல்நார் தடை செய்யப்பட்டது, ஆனால் அதற்கு முன் போட்ட கூரைகள் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் வீடுகளின் தலைமேல் இன்னும் இருக்கின்றன. நார் மூச்சில் போவதுதான் பெரிய ஆபத்து. பாசியைச் சுரண்டுவது, பிரஷர் வாஷர் அடிப்பது, துளை போடுவது மூன்றும் கூடாது. உடையாமல் இருக்கும் கூரையைத் தொடாமல் விடுவதே பாதுகாப்பு. அகற்றுவதானால் பதிவு பெற்ற ஒப்பந்தக்காரர். அத்தகைய கூரையின் தண்ணீரைக் கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் மட்டும் வையுங்கள்.

கடைசியாக இணைப்பு. தொட்டியையும் நகராட்சிக் குழாயையும் ஒரே வரிசையில் கோத்து, நடுவில் ஒரு வால்வை மட்டும் நம்பினால், தெருவில் அழுத்தம் விழும் நாளில் உங்கள் தொட்டித் தண்ணீர் பக்கத்து வீட்டுக்காரர் குடத்தில் இருக்கும். நகராட்சித் தண்ணீர் தொட்டியின் மேலே, தண்ணீர் மட்டத்திலிருந்து குழாய் விட்டத்தின் இரண்டு மடங்கு உயரத்தில், காற்று இடைவெளியோடு விழ வேண்டும். வாளித் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும் தோட்ட ஹோசும் இதே தவறுதான்.

அழுத்தம் குறைவு, பில் அதிகம்

இரவு எல்லோரும் படுத்த பிறகு எல்லாக் குழாயையும் மூடி மீட்டரில் உள்ள சிறு சக்கரத்தைப் பாருங்கள். சுற்றினால் கசிவு. கழிப்பறைத் தொட்டியில் மஞ்சள்தூள் கரைத்து விட்டு, அரை மணியில் கீழே மஞ்சள் தெரிந்தால் அங்கேதான். மண்ணுக்கடியில் கசிவு என்றால் அவசரம். தண்ணீர் வெளியே போகும் ஓட்டை வழியாகத்தான், தெருவில் தண்ணீர் நின்றதும், மண்ணும் சாக்கடைக் கசிவும் உள்ளே உறிஞ்சப்படும். மேலே சொன்ன வயிற்றுப்போக்குக்கு இதுவும் ஒரு காரணம்.

தோட்டத்தில் கிணறு, போர்வெல்

டோங்காட், இனாண்டா பக்கம் காய்கறித் தோட்டம் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது நைட்ரேட். உரத்திலிருந்தும் கழிப்பறைக் குழியிலிருந்தும் இறங்கும். நிறம், வாசனை, ருசி எதுவும் இல்லை. கொதிக்க வைத்தால் தண்ணீர் வற்றி நைட்ரேட் இன்னும் செறிவாகும். நைட்ரஜன் கணக்கில் லிட்டருக்கு 11 மில்லிகிராமைத் தாண்டிய தண்ணீரில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குப் பால்மாவு கரைத்தால் உதடு நீலம் பாரிக்கும். அது உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறி.

குழந்தை மந்தமாக, எரிச்சலாக இருக்கிறது, அடிக்கடி வயிற்றுவலி

காரணம் நூறு இருக்கலாம், ஆனால் காரீயத்தை யாரும் நினைப்பதில்லை. ரத்தப் பரிசோதனை கேளுங்கள். தண்ணீரில் அதன் எல்லை லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். ஆனாலும் டர்பன் வீடுகளில் முதலில் தேட வேண்டியது வேறு இடம். பழைய ஜன்னல், கதவு, கேட்டின் உரியும் பெயிண்ட்: காரீயத்துக்கு 2009இல்தான் சட்டப்படி கடுமையான எல்லை வந்தது, ஆகவே அதற்கு முந்திய பூச்சைச் சந்தேகியுங்கள்; காய்ந்த சுரண்டல் வேண்டாம், ஈரமாக்கித் தேயுங்கள், குழந்தையை வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். தூண்டில்காரர் வீடு என்றால், தூண்டிலில் கட்டும் காரீயக் குண்டைச் சமையலறை அடுப்பில் உருக்குவதை இன்றே நிறுத்துங்கள். அந்தப் புகை படிந்த மேசையில்தான் ரொட்டி உருட்டுகிறார்கள். மூன்றாவதாக, அளவுக்கு மீறி மஞ்சளாகப் பளிச்சிடும், கட்டு இல்லாமல் விற்கும் மஞ்சள்தூள்.

மின்வெட்டு நேரத்தில் வீட்டில் எல்லோருக்கும் தலைவலி

ஜன்னலைத் திறந்துகொண்டு உள்ளே நிற்காதீர்கள், முதலில் எல்லோரும் வெளியே போங்கள். கராஜில் ஓடும் ஜெனரேட்டர், மழைக்காக உள்ளே இழுத்த பிராய் (இறைச்சி சுடும்) அடுப்பின் கரி, இரண்டும் வாசனையில்லாத கார்பன் மோனாக்சைடைத் தரும். நாயும் சோர்ந்து கிடந்தால் சந்தேகமே வேண்டாம். ஜெனரேட்டர் வீட்டிலிருந்து ஆறு மீட்டராவது தள்ளி, புகைக்குழாய் வெளிப்பக்கம் பார்த்து இருக்க வேண்டும்.

ஆய்வகத்துக்கு மாதிரி எடுப்பது

சானாஸ் (தென்னாப்பிரிக்கத் தேசிய அங்கீகார அமைப்பு) அங்கீகாரம் உள்ள ஆய்வகத்திடம் புட்டியை வாங்குங்கள். கிருமிச் சோதனைப் புட்டிக்குள் இருக்கும் வெள்ளைப் பொடியைக் கொட்டிவிடாதீர்கள், அது குளோரினை அடக்கும் மருந்து. குழாய் முனைச் சல்லடையைக் கழற்றி, முனையை ஜிக்கால் துடைத்து, மூன்று நிமிடம் ஓடவிட்டு, புட்டியின் உட்புறத்தை விரல் தொடாமல் பிடியுங்கள். ஐஸ் பெட்டியில் வைத்து, முடிந்தால் ஆறு மணி நேரத்துக்குள், எப்படியும் 24 மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். காரீயம், செம்புக்கு நேர் எதிர்: ஆறு மணி நேரம் குழாயைத் திறக்காமல் வைத்து, விடியற்காலையில் வரும் முதல் தண்ணீரையே பிடிக்க வேண்டும், ஓடவிடக் கூடாது. எந்தக் குழாய், எத்தனை மணி, கடைசியாகத் தண்ணீர் நின்றது எப்போது என்று புட்டியிலேயே எழுதுங்கள். வெள்ளிக்கிழமை மாலை எடுக்காதீர்கள். திங்கள் வரை வாங்க ஆளில்லாமல் மாதிரி கெட்டு, மறுபடி காசு கட்டுவீர்கள்.